பல்லை எடுத்தாச்சு, வலி மட்டும் போகவில்லை: எதைப் பார்க்கணும், எங்கே போகணும்

நான் டாக்டர் இல்லை. கேரள எல்லையில் இருக்கும் குமுளியில் ஒரு பல் கிளினிக்கில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று சக்‌ஷன் குழாய் பிடிப்பவள். வீடு மலைக்குக் கீழே, தமிழ்நாட்டுப் பக்கத்துக் கம்பத்தில். காலையில் லோயர் கேம்ப் வழியாக மலையேறினால் சாயங்காலம்தான் இறங்குவேன். எங்களிடம் வருபவர்களில் பாதிப் பேர் வண்டன்மேடு, அணக்கரை பக்கத்து ஏலத்தோட்டங்களில் கூலிவேலை பார்க்கும் நம் ஊர்ப் பெண்கள். மற்றவர்கள் ஜீப் ஓட்டுபவர்கள், கடைக்காரர்கள், உள்ளூர் மலையாளிகள். கிளினிக் போனும் என்னிடம்தான் இருக்கும். பல் எடுத்தவர்களின் புலம்பல் டாக்டர் காதுக்குப் போகும் முன் என் காதில்தான் விழும்.

அதில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். "வலிச்ச பல்லைத்தான் எடுத்தாச்சே தாயி, இப்ப எது வலிக்குது?" நியாயமான கேள்வி. பதில் சொல்லுமுன் அடுத்த வார்த்தை வந்துவிடும்: "பக்கத்துப் பல்லையும் பிடுங்கிவிடச் சொல்லு." இதற்குப் பயந்துதான் இதை எழுதுகிறேன். எங்கிருந்து வருகிறது என்று தெரியாத வலிக்கு இன்னொரு பல்லைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பல்தான் போகும். வலி அடுத்த பல்லுக்கு நகர்ந்து உட்காரும். அப்படி ஒரு பக்கம் முழுக்கக் காலி செய்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், வலி அப்படியே இருந்தது.

முதலில் அவசரத்தைத் தனியாகப் பிரியுங்கள்

எச்சில் விழுங்க முடியவில்லை, தாடைக்கு அடியில் கழுத்து கெட்டியாக வீங்குகிறது, நாக்கு மேலே தூக்கிக்கொண்டு பேச்சு குழறுகிறது, மூச்சு இழுக்கச் சிரமமாக இருக்கிறது. இதில் ஒன்று இருந்தாலும் பல் கிளினிக் திறக்கட்டும் என்று உட்காரக் கூடாது. கீழ்த்தாடையில் பிடித்த சீழ் கழுத்துக்குள் இறங்கினால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் நின்றாலும் கேரளப் பக்கம் நின்றாலும் அதே எண்தான். மலைமேல் எஸ்டேட் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருப்பவர்கள் நடுராத்திரி வரை பொறுத்துப் பார்க்க வேண்டாம். மழையும் மூடுபனியும் சேர்ந்தால் அந்த நேரத்தில் வண்டி இறங்குவதே பெரும்பாடு.

இன்னொன்று, பல்லோடு சம்பந்தமே இல்லாதது. ஏற்றம் ஏறும்போது தாடை வலிக்கிறது, நின்றால் குறைகிறது, கூடவே நெஞ்சு இறுக்கமோ குப்பென்று வியர்வையோ வருகிறது என்றால் அது இதயமாக இருக்கலாம். போன மாதம் பல் எடுத்தோமே, அதன் வலிதான் என்று இருந்துவிடாதீர்கள். நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள்.

இந்த இரண்டும் இல்லையா? சரி, இனி நிதானமாகப் பார்க்கலாம்.

நாளை எண்ணுங்கள்

பல் எடுத்த தேதியைக் காலண்டரில் வட்டம் போடுங்கள். வலியை விசாரிக்க இதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது. போனில் நான் கேட்கும் முதல் கேள்வியும் "இன்றைக்கு எத்தனாவது நாள்?" என்பதுதான்.

முதல் மூன்று நாள் வலியும் வீக்கமும் இருக்கத்தான் செய்யும். வீக்கம் உச்சிக்குப் போவது இரண்டாம் மூன்றாம் நாளில்தான். ஈறைக் கீறி, எலும்பைக் குடைந்து எடுத்த கீழ்க்கடவாய்ப்பல் என்றால் ஒரு வாரம் வரை வலி இருக்கலாம். அளவைவிட வலியின் போக்கைப் பாருங்கள். மூன்றாம் நாளுக்கு அப்புறம் ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் கொஞ்சமாவது குறைய வேண்டும். குறைந்து வந்த வலி திரும்ப ஏறினால் ஏதோ இருக்கிறது.

இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் திடீரென ஏறி, காதுவரை இழுத்து, மாத்திரைக்கும் அடங்காமல், வாயில் கெட்ட வாடையும் அடித்தால் பெரும்பாலும் டிரை சாக்கெட். குழியை மூடி நிற்கும் ரத்தக்கட்டி கரைந்தோ பெயர்ந்தோ போய், அடியிலுள்ள எலும்பு காற்றுப் படும்படி கிடக்கும். மேல்பல்லைவிடக் கீழ்க்கடவாய்ப்பல்லில்தான் இது அதிகம். பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் வர வாய்ப்பு கூடுதல். வலி உயிரை எடுக்கும், ஆனால் ஆபத்தானது கிடையாது. டாக்டர் குழியைக் கழுவி மருந்துத் துணி வைத்தால் அன்றைக்கே முகத்தில் தெளிவு வந்துவிடும். முழுசாக ஆற ஒரு வாரம், பத்து நாள் ஆகும். இது சீழ்நோய் கிடையாது என்பதால் ஆன்டிபயாட்டிக் விழுங்கிச் சரிப்படுத்த முடியாது. மருந்துக் கடையில் வாங்கி விழுங்கிவிட்டு "கேட்கவேயில்லை" என்று வருபவர்கள்தான் அதிகம்.

சீழ் பிடித்தால் அதன் குணமே வேறு. மூன்றாம் நாளுக்கு மேல் வீக்கம் கூடும், தொட்டால் சூடு தெரியும், காய்ச்சல் வரும், குழியிலிருந்து உப்புக் கரிக்கிற நீர் கசியும், வாய் திறக்காது. எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்த சில வாரம் கழித்தும் இது வரலாம். சர்க்கரை உள்ளவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம்கூட அசட்டையாக இருக்கக் கூடாது.

ஈறு மேலாக மூட மூன்று நான்கு வாரம் ஆகும். உள்ளே எலும்பு நிரம்ப மாதக்கணக்கு. அதனால் இரண்டாம் வாரத்தில் குழிக்குள் சோற்றுப் பருக்கை போவதும், அழுத்தினால் இலேசாக நோவதும் கணக்கில் வராது.

வாரங்கள் கடந்தும் வலிக்கிறது என்றால்

முதலில் எளிதில் பிடிபடும் காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வர வேண்டும்.

நாக்கை வைத்தால் கூர்மையாக ஏதோ குத்துகிறதா? எலும்புச் சில்லாக இருக்கலாம். பல் எடுத்த இடத்து எலும்பின் விளிம்பில் சின்னத் துணுக்கு ஒன்று உடைந்து, வாரம் கழித்து ஈறைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். "பல்லை முழுசா எடுக்காம விட்டுட்டாங்க" என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. நிஜமாகவே வேர்நுனி உள்ளே நின்றும் இருக்கலாம். சில சமயம் வேர் நரம்பை ஒட்டியிருந்தால் டாக்டரே வேண்டுமென்று விட்டுவைப்பார். எது என்று எக்ஸ்ரே சொல்லிவிடும்.

அடுத்து, முன்னால் நிற்கும் பல். ஞானப்பல் படுத்த வாக்கில் அதை முட்டிக்கொண்டே கிடந்திருக்கும். அந்த இடுக்கில் சொத்தை இருந்து, இப்போது வெளியே தெரிய வரும். இல்லையென்றால் வேர்ப்பக்கம் திறந்துகொண்டு கூச்சம் வரும். தண்ணீர் பட்டதும் சுள்ளென்று கூசி, சில நொடியில் போனால் பெரும்பாலும் நாளாவட்டத்தில் அடங்கும். சூடாகக் கட்டன்சாயா குடித்தால் வலித்து, குடித்து முடித்த பிறகும் நிமிஷக்கணக்கில் நின்றால், ராத்திரி தூக்கத்தில் எழுப்பினால், அந்தப் பல்லின் உள்நரம்பைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கடித்துவிட்டு வாயைத் திறக்கும் நொடியில் மின்னினால் பல்லில் கீறல் இருக்கலாம். இங்கே பக்கத்துப் பல்தான் குற்றவாளி என்பது உண்மை. ஆனால் அதைச் சோதனையில் நிரூபித்துவிட்டுத்தான் தொட வேண்டும். அப்போதும் வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்ற முடியுமா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

மேல் ஞானப்பல் எடுத்தவர்கள் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வருகிறதா? கன்னத்தில் கனம், குனிந்தால் வலி, ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமான சளி? மேல்தாடைக்கு மேலே இருக்கும் சைனஸ் அறைக்கும் வாய்க்கும் இடையில் ஓட்டை விழுந்திருக்கலாம். டாக்டரைப் பார்க்கும் வரை மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்.

அதிகம் பேர் தவறவிடுவது தசை வலியை. கடினமான பல் என்றால் முக்கால் மணி நேரம் வாயைப் பிளந்து வைத்திருப்போம். நானே பக்கத்தில் நின்று தாடையைத் தாங்கிப் பிடிப்பேன், அப்படியும் அந்தத் தசை நொந்துபோகும். மரப்பு ஊசி சில சமயம் உள்தசையில் பட்டும் இறுகிக்கொள்ளும். அப்புறம் வலி குழியில் இருக்காது. காதுக்கு முன்னால், கன்னத்தில், பொட்டில் இருக்கும். காலையில் எழுந்ததும் தாடை பிடித்துக்கொண்டிருக்கும். சப்பாத்தி, பரோட்டா மெல்ல முடியாது. கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: உங்கள் ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, செங்குத்தாக முன்பற்களுக்கு இடையே விட்டுப் பாருங்கள். மூன்றும் போனால் வாய் சரியாகத் திறக்கிறது. இரண்டோடு நின்றால் தசையோ மூட்டோ இறுகியிருக்கிறது. சூடான துணியைக் கன்னத்தில் கால் மணி நேரம் வைத்து, பிறகு வாயை மெதுவாகத் திறந்து மூடிப் பழக வேண்டும். சில வாரம் கஞ்சி, இட்லி, குழைய வெந்த கப்பை (மரவள்ளிக்கிழங்கு), மீன்குழம்பு என்று மென்மையாகச் சாப்பிடலாம். பபிள்கம் கூடாது. கொட்டாவி வந்தால் மோவாய்க்கு அடியில் கையைக் கொடுங்கள். ராத்திரி பல்லை நறநறவென்று கடிப்பவரா என்று வீட்டில் உள்ளவர்களைக் கேளுங்கள். உங்களுக்கு அது தெரியாது. (காய்ச்சலோடு வாய் திறக்கவில்லை என்றால் இது எதையும் செய்துகொண்டிருக்காமல் நேராக டாக்டரிடம் போங்கள். அது சீழ்.)

வெற்றிலை பாக்கு போடுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வாய் சுருங்கிக்கொண்டே வருகிறது, காரம் பட்டால் எரிகிறது, கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து நார் நாராகத் தட்டுகிறது என்றால் அதற்குக் காரணம் பாக்கு. பல் எடுத்த பிறகுதான் கவனிப்பீர்கள், ஆனால் அது அதற்கு முன்பே ஆரம்பித்திருக்கும். புகையிலை சேர்க்காத வெறும் பாக்குகூடப் புற்றுநோய் வரவழைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. தோட்டத்தில் குளிருக்கும் அட்டைக்கடிக்கும் நடுவே நாள் முழுக்க நிற்பவளிடம் "பாக்கை விடு" என்று சொல்வது எனக்குச் சுலபம், அவளுக்குக் கஷ்டம் என்று தெரியும். இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். பல் எடுத்த குழி நான்கு வாரத்திலோ, வாயில் ஒரு புண் மூன்று வாரத்திலோ ஆறவில்லை, சதை வளர்கிறது, தொட்டால் ரத்தம் வருகிறது என்றால் சதைத்துணுக்கு எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

எலும்பு தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை, வருஷம் ஒரு ஊசி என்று எடுப்பவர்கள், கழுத்து முகத்தில் கதிர் சிகிச்சை வாங்கியவர்கள் அதைப் பல் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இவர்களுக்குத் தாடை எலும்பு ஆறாமலே திறந்து கிடக்கலாம்.

ஒரு வாரம் வலிக்கு நோட்டுப் போடுங்கள்

இவை எதிலும் அடங்காத வலி என்றால், டாக்டரிடம் போகும் முன் ஒரு வாரம் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுத வைக்கலாம், போனில் பேசிப் பதிந்தும் வைக்கலாம். அறைக்குள் போனதும் எல்லாருக்கும் "ரொம்ப வலிக்குது டாக்டர்" என்பதைத் தவிர வேறு ஒன்றும் வாயில் வராது. அதை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

எப்படி வலிக்கிறது என்று எழுதுங்கள். விண்விண் என்று நாடித்துடிப்போடு தெறிக்கிறதா? கடுகடு என்று நாள் முழுக்க நிற்கிறதா? சுரீர் என்று கரண்டு பாய்ந்து நொடியில் போகிறதா? மிளகாய் தேய்த்தது போன்ற எரிச்சலா? எறும்பு ஊர்வதா, மதமதப்பா? நம் ஊரில் வலிக்கு இத்தனை சொல் இருக்கிறது, எல்லாவற்றையும் பயன்படுத்துங்கள். தெறிப்பு என்றால் டாக்டர் வீக்கத்தையும் சீழையும் தேடுவார், கரண்டு என்றால் நரம்பைத் தேடுவார்.

எது கிளப்புகிறது? மெல்லுவதா, பேசுவதா, பல் தேய்ப்பதா, முகம் கழுவுவதா, காற்று படுவதா? ராத்திரி எழுப்புகிறதா, இல்லை தூங்கும்போது நிம்மதியாக இருந்து காலையில் காபி குடித்ததும் தொடங்குகிறதா? எந்த மாத்திரைக்குக் குறைந்தது, எதற்கு அசையவேயில்லை?

அப்புறம் கண்ணாடி முன் நின்று ஒரு சின்னச் சோதனை. கையை நன்றாகக் கழுவிவிட்டு, பஞ்சைக் கூர்மையாகத் திரித்து உதடு, மோவாய், கன்னம், வாய்க்குள் ஈறு என்று மெதுவாகத் தொடுங்கள். வலது பக்கமும் இடது பக்கமும் ஒரே மாதிரி உணர்கிறதா? ஒரு பக்கம் மரத்திருக்கலாம். இல்லை, பஞ்சு பட்டாலே எரியலாம். இரண்டுமே நரம்பின் பேச்சுத்தான். எந்த இடம் என்று ஒரு முகத்தை வரைந்து அதில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். படம் அசிங்கமாக இருந்தால் பரவாயில்லை.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, வலி இருக்கிறது

போடியில் ஏலக்காய்க் கடை ஒன்றில் கணக்கெழுதும் ஒரு அக்கா, வேறு எங்கோ பல் எடுத்துவிட்டு எங்களிடம் வந்தார். குழி அழகாக ஆறியிருந்தது. தாடை முழுக்க எடுத்த ஓபிஜி எக்ஸ்ரேயிலும் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் எரிச்சல், உதட்டோரத்தில் மதமதப்பு, சேலைத் தலைப்பு பட்டாலே முகம் சுளிப்பார். போன இடத்தில் எல்லாம் "ஒண்ணுமில்லை, மனசுதான்" என்று அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்காரரும் நம்புவதை நிறுத்திவிட்டார். வலியைவிட அதுதான் அவருக்குப் பெரிய வலியாக இருந்தது.

கீழ்க்கடவாய்ப்பல்லின் வேருக்கு அடியில் ஒரு நரம்பு ஓடுகிறது. உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி கொடுப்பது அது. உள்பக்கம், ஈறை ஒட்டினாற்போல் நாக்குக்குப் போகும் நரம்பு. பல் எடுக்கும்போது இவை நசுங்கலாம், இழுபடலாம், ஊசி குத்தலாம். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் நடப்பது உண்டு, அதனால்தான் எடுக்கும் முன்பே கையெழுத்து வாங்குகிறோம். பெரும்பாலானவர்களுக்கு மதமதப்பு வாரங்களிலோ சில மாதங்களிலோ தானாகத் தெளிந்துவிடும். சிலருக்கு நரம்பு ஆறும்போது தப்பாக ஆறிவிடுகிறது. எங்கள் டாக்டர் சொல்வார், திருடன் போய் வெகுநேரம் ஆன பிறகும் குரைப்பதை நிறுத்தாத நாய் என்று. காயம் ஆறிவிட்டது, செய்தி அனுப்பும் கம்பி மட்டும் இன்னும் "வலி, வலி" என்று அனுப்பிக்கொண்டிருக்கிறது.

2020-இல் வாய், முக வலிகளுக்கென்றே உலக அளவில் ஒரு வகைப்பாடு வெளியிட்டார்கள். அடிபட்ட நரம்பினால் வரும் வலிக்கு அதில் தனி இடம் உண்டு: காயத்துக்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நிற்கும் வலி. எக்ஸ்ரே, ஸ்கேன் எதிலும் காரணம் தெரியாமல் பல்லிலோ பல் இருந்த இடத்திலோ நிற்கும் வலிக்கும் தனியாக ஒரு பெயர் உண்டு. உங்கள் வலி கற்பனை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இதில் நேரம் முக்கியம். ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் தெளிய வேண்டும். மறுநாளும் உதடோ நாக்கோ மரத்திருந்தால் அன்றே கிளினிக்குக்குச் சொல்லி, கார்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் மரத்த இடத்தைச் சுற்றி அளந்து குறித்தால் சுருங்குகிறதா என்று தெரியும். வாரங்கள் போயும் அசையவில்லை, அதிலும் நாக்கு, அதிலும் எரிச்சலோடு என்றால் வாய் அறுவை நிபுணரைச் சீக்கிரம் பார்க்க வேண்டும். நரம்பைத் திறந்து சரிசெய்ய வேண்டிய நிலை என்றால் அதற்கு முதல் சில மாதங்கள்தான் நல்ல காலம். "ஒரு வருஷம் பார்ப்போம்" என்று யாராவது சொன்னால் இன்னொருவரிடம் கருத்துக் கேளுங்கள்.

டாக்டர் என்ன செய்வார்? சின்ன எக்ஸ்ரே, ஓபிஜி, தேவைப்பட்டால் முப்பரிமாண ஸ்கேன். வலிக்கும் இடத்தில் மரப்பு ஊசி போட்டுப் பார்ப்பதும் உண்டு. போட்டதும் வலி முழுசாக நின்றால் கிளம்பும் இடம் அங்கேயே இருக்கிறது. உதடு மரத்தும் வலி அப்படியே இருந்தால் இன்னும் மேலே தேட வேண்டும். அந்த இடத்தில் எதையும் பிடுங்கிப் பயன் இல்லை.

நரம்பு வலிக்குச் சாதாரண வலி மாத்திரை அவ்வளவாகக் கேட்காது. அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரிகாபலின் போன்றவற்றை எழுதுவார்கள். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வு மருந்தாக வந்தது. மருந்துக் கடைக்காரர் "இது மனநோய் மாத்திரை ஆச்சே" என்று சொல்லிவிட, பயந்து நிறுத்தியவர்கள் பலர். நரம்பு வலிக்கு அதை ரொம்பக் குறைந்த அளவில், ராத்திரி பத்து மில்லிகிராம் என்று தொடங்கி, மெல்ல ஏற்றுவார்கள். வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். மூன்றாம் நாளே "கேட்கலை" என்று நிறுத்தினால் எப்படிக் கேட்கும்? வாய் வறளும், மலச்சிக்கல் வரும், காலையில் அசதியாக இருக்கும். கண் அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, சிறுநீர் போவதில் சிரமம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஜீப் ஓட்டும் அண்ணன்மாரே, இதை எடுக்கத் தொடங்கும் நாட்களிலும் அளவு ஏற்றும் நாட்களிலும் தூக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் கொண்டை ஊசி வளைவில் வண்டியை எடுக்காதீர்கள். பின்னால் பெண்களை அடைத்துக்கொண்டு போகிறீர்கள். கபாபென்டினும் பிரிகாபலினும் தலைசுற்ற வைக்கும், சட்டென்று நிறுத்தவும் கூடாது.

அந்த அக்காவுக்கு வலி அடியோடு போகவில்லை. ஆனால் தூங்குகிறார், வேலைக்குப் போகிறார், மென்று சாப்பிடுகிறார். இந்த வலியில் பெரும்பாலும் இதைத்தான் எதிர்பார்க்க முடியும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டதால் அவர் மாத்திரையைப் பாதியில் விடவில்லை.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொரு நரம்பு வலி உண்டு. நொடிக்கணக்கில் கரண்டு அடித்தது போல முகத்தின் ஒரு பக்கம் மின்னி மறையும். இடையில் ஒன்றுமே இருக்காது. முகம் கழுவினால், பல் தேய்த்தால், காற்று பட்டால் கிளம்பும். மலையேறும் ஜீப்பில் ஓரமாக உட்கார்ந்து வரும் நாளில் மட்டும் வலிக்கிறது என்று ஒருவர் சொன்னபோது டாக்டர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். இது முகநரம்பு வலி. பல் எடுத்த இடத்திலேயே மின்னுவதால் பல்மேல் பழி விழும். கார்பமசெபின் என்ற மாத்திரைக்கு நன்றாக அடங்கும். அதைத் தொடங்கிய வாரங்களில் உடம்பில் தடிப்போ, வாய்ப்புண்ணோ, காய்ச்சலோ வந்தால் நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

நாக்கு நுனி, அண்ணம், உதடு என்று இரண்டு பக்கமும் எரிந்தால், அதுவும் மாதவிடாய் நின்ற வயதுப் பெண்ணுக்கு என்றால், பல் எடுத்ததற்கும் அதற்கும் பெரும்பாலும் தொடர்பு இருக்காது. ரத்தத்தில் இரும்பு, பி12, சர்க்கரை பாருங்கள். வாயில் வெண்படலம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

செய்யக் கூடாதவை

குமுளியில் கடைக்குக் கடை கிராம்புத் தைலம் விற்கிறார்கள். நல்ல சரக்குத்தான், ஆனால் குழிக்குள் ஊற்ற அல்ல. நேராகப் பட்டால் சதையை வேகவைத்துவிடும். டாக்டர் மருந்துத் துணியில் அளவோடு சேர்ப்பது வேறு, நீங்கள் பஞ்சில் முக்கித் திணிப்பது வேறு. மாத்திரையை ஈறோடு ஒதுக்கி வைப்பதும் அப்படித்தான், ஈறு வெந்து வெள்ளையாக உரியும்.

மருந்துக் கடையில் பேப்பரில் மடித்துத் தரும் "செட்" மாத்திரை. அதில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்கும் தெரியாது, அடுத்து பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது. சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், சர்க்கரையை ஏற்றிவிடும். பாரசிட்டமால் என்று தெரிந்து சாப்பிட்டாலும் பெரியவர்களுக்கு ஒரு நாளில் நான்கு கிராமைத் தாண்டக் கூடாது, குடிப்பழக்கமோ ஈரல் கோளாறோ இருந்தால் அதைவிடக் குறைவு. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் புரூஃபென் வகை மாத்திரையைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். மெட்ரோனிடசோல் எழுதிக் கொடுத்திருந்தால் அது முடிந்து இரண்டு மூன்று நாள் ஆகும் வரை சாராயம் தொடக் கூடாது. வாந்தியும் படபடப்பும் வரும் என்று முன்னாலேயே சொல்லியும் சிலர் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பது நல்லது. ஒரு டம்ளருக்கு அரை டீஸ்பூன் போதும். முதல் நாள் வேண்டாம், மறுநாளிலிருந்து மெதுவாக. கொப்பளித்து வேகமாகத் துப்பினால் ரத்தக்கட்டி பெயரும்.

எங்கே போவது, என்ன கொண்டு போவது

முதலில் பல்லை எடுத்த இடத்துக்கே போங்கள். கோபம் இருந்தாலும் போங்கள். எலும்பைக் குடைந்தார்களா, வேர் உடைந்ததா, நரம்பு கண்ணில் பட்டதா என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் குறிப்பையும், எடுக்கும் முன் எடுத்த எக்ஸ்ரேயையும் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வரும் மங்கலான படம் உதவாது. ஃபிலிமாகவோ, அசல் ஃபைலாகவோ வேண்டும்.

அங்கே தீரவில்லை என்றால் வாய் அறுவை நிபுணர் இருக்கும் இடம். மலைமேல் இருப்பவர்களுக்குக் கோட்டயம் மெடிக்கல் காலேஜ் பக்கத்து அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குமுளியிலிருந்து பீர்மேடு, முண்டக்கயம் வழியாகப் போகும் பஸ் உண்டு. நேரம் பிடிக்கும், ஓபி காலையில் என்பதால் இருட்டோடு கிளம்ப வேண்டும். கீழே இருப்பவர்களுக்குத் தேனி அரசு மருத்துவக் கல்லூரி, க.விலக்கில். அதற்கும் மேல் மதுரை. நரம்பு வலி என்று சந்தேகம் வந்தால் நரம்பியல் டாக்டருக்குச் சீட்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பல் டாக்டரும் நரம்பு டாக்டரும் ஒருவர் சீட்டை ஒருவர் பார்க்கும்படி எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நோட்டை நீட்டிவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வலி பல்லிலிருந்தா, எலும்பிலிருந்தா, தசையிலிருந்தா, நரம்பிலிருந்தா? அதை எந்தச் சோதனையை வைத்துச் சொல்கிறீர்கள்? இன்னொரு பல்லை எடுக்கச் சொன்னால், அதில் என்ன கோளாறு என்று எக்ஸ்ரேயில் காட்ட முடியுமா? நல்ல டாக்டர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். எங்கள் டாக்டர் பதில் சொல்லிக்கொண்டே படமும் வரைவார், வெளியே அடுத்த ஆட்கள் என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு மாநிலத்துக்கும் போய்வருபவர்களுக்கு ஒரு விஷயம். குமுளியில் எழுதிய கம்பெனிப் பெயர் கம்பத்துக் கடையில் இருக்காது. "இதேதான், எடுத்துக்கோங்க" என்று வேறு அட்டை தருவார்கள். அமிட்ரிப்டிலின் பத்து மில்லியிலும் வரும், இருபத்தைந்திலும் வரும், எழுபத்தைந்திலும் வரும். சீட்டில் மருந்தின் பொதுப்பெயரும் மில்லிகிராமும் தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய அட்டையைத் தூக்கிப் போடாமல் பையில் வைத்திருந்து, காசு கொடுக்கும் முன் புது அட்டையோடு ஒத்துப் பாருங்கள்.